பொடிப் படிகங்களும் புரதத்தின் உருவமும்

(பாளையங்கோட்டையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவியவர்கள் மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கிறார்கள். பேச்சு தமிழில் இருக்க வேண்டும். அறிவியலைப் பற்றியதாக இருக்க வேண்டும். அந்தத் துறையைப் படிக்காதவருக்கும் விளங்க வேண்டும். முதல் இரண்டுக்கு நான் பொறுப்பு. மூன்றாவதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

ஜி. என். ராமச்சந்திரன் பெயரை உயிர்வேதியியல் படிக்கிறவர்கள் தேர்வுக்காகவாவது மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்தப் பெயரின் முதல் எழுத்து கோபாலசமுத்திரம். சேரன்மகாதேவிப் பக்கம் அந்தப் பெயரில் ஓர் ஊர் இருப்பதை இந்த அவையில் நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் பிறந்தது 1922-இல் எர்ணாகுளத்தில். தந்தை அங்கே கணிதப் பேராசிரியர். பெங்களூரில் சி. வி. ராமனிடம் ஆய்வு, பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம். 1952-இல், முப்பது வயது நிறையும் முன்பே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். லட்சுமணசாமி முதலியார் துணைவேந்தராக இருந்த காலம் அது.

அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த படிகவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாகத் தெரியவில்லை, அதுவரை வந்த எந்த மாதிரியும் திருப்தியாக இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி வைத்திருக்கும் புரதம் அது. ராமச்சந்திரனும் அவருடைய சக ஆய்வாளர் கோபிநாத் கார்த்தாவும் வேலையில் இறங்கினார்கள். நல்ல கொலாஜன் வேண்டுமே! பக்கத்தில் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கங்காரு வாலின் தசைநாண் அங்கிருந்து கிடைத்தது. 1954-இலும் 1955-இலும் நேச்சர் இதழில் கட்டுரைகள் வந்தன. கொலாஜன் என்பது மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முப்புரி என்பதை அவை நிறுவின. அந்தத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்குக்கு இன்றும் முப்புரிச் சுருள் என்ற பொருளில்தான் பெயர்.

இந்தக் கதையை வழக்கமாக ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லி முடித்துவிடுவோம். எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. கங்காருவின் தசைநாண் ஒரு படிகம் அல்ல. அது நார். நாருக்குள்ளே ஒழுங்காக அடுக்கப்பட்ட நுண்ணிய பகுதிகள் ஏராளமாக இருக்கின்றன. எல்லாம் நாரின் நீளவாக்கில் ஒரே திசையில் நிற்கும். ஆனால் அச்சைச் சுற்றி ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருக்கும். அதன்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தினால் அத்தனை பகுதிகளின் படமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே படமாகக் கலங்கி நிற்கும். அந்தக் கலங்கிய படத்திலிருந்துதான் சென்னையில் முப்புரியைக் கண்டார்கள். பெரிய படிகம் கிடைக்கவில்லையே என்று காத்திருக்கவில்லை. இன்று நான் பேச வந்திருக்கும் விஷயமும் அதுதான்: கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாக, ஆனால் எண்ணிக்கையில் மிகுதியாக இருக்கும் படிகங்களைக் கொண்டு ஒரு புரதத்தின் உருவத்தைக் கண்டுபிடிப்பது. முன்பு தோல்வி என்று குப்பைக்குப் போன படிகங்கள் இவை.

ஏன் படிகம் வேண்டும் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறேன். அணுக்களுக்கு இடையே உள்ள தூரம் ஒன்றிரண்டு ஆங்ஸ்ட்ராம். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்றால் ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. கண்ணால் காணும் ஒளியின் அலைநீளம் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. அதைக் கொண்டு அணுவைப் பார்க்க முடியாது. எக்ஸ் கதிரின் அலைநீளம் சரியாக அந்த அளவில் இருக்கிறது. ஆனால் ஒரேயொரு புரத மூலக்கூறு சிதறடிக்கும் கதிர் மிக மிகச் சொற்பம். ஒரே மூலக்கூறு ஒரே நிலையில் கோடிக்கணக்கில் வரிசையாக நின்றால், அத்தனையும் சிதறடிக்கும் கதிர்கள் சில திசைகளில் ஒன்றுசேர்ந்து வலுப்பெற்றுப் புள்ளி புள்ளியாக விழும். பள்ளிப் பாடநூலில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அதுதான் இது. அப்படி வரிசையாக நிற்கும் மூலக்கூறுகளின் கூட்டம்தான் படிகம்.

இப்போது ஒரு கணக்கு. திரும்பத் திரும்ப வரும் ஓர் அலகின் பக்கம் நூறு ஆங்ஸ்ட்ராம் என்று வைத்துக்கொள்வோம். புரதங்களுக்கு இது சாதாரண அளவு. பழைய முறையில் ஒரு மாணவர் மாதக்கணக்கில் பாடுபட்டு வளர்க்கும் நல்ல படிகம் கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, 0.2 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும். அதில் ஒரு பக்கத்துக்கு 20,000 அலகுகள். மொத்தம் எட்டு லட்சம் கோடி. ஒரு மைக்ரான் பக்கமுள்ள பொடிப் படிகத்தில் ஒரு பக்கத்துக்கு 100 அலகுகள். மொத்தம் பத்து லட்சம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எண்பது லட்சம் மடங்கு. கிடைக்கும் புள்ளிகளின் வலிமையும் அதே விகிதத்தில் குறையும். அதனால்தான் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புரதப் படிகவியல் என்றால் பெரிய படிகத்துக்காகக் காத்திருத்தல் என்றே இருந்தது. 1934-இல் பெர்னாலும் டோரத்தி ஹாட்ஜ்கினும் (அப்போது அவர் பெயர் கிரோஃபுட்) பெப்சின் படிகத்தைக் காயவிடாமல், அது வளர்ந்த திரவத்தோடே வைத்துப் படமெடுத்ததில் தொடங்கி, கெண்ட்ரூ மயோகுளோபினையும் பெரூட்ஸ் ஹீமோகுளோபினையும் கண்டது வரை எல்லாம் கண்ணால் பார்க்கக்கூடிய படிகங்கள்.

படிகம் சிறியதென்றால் கதிரின் வலிமையைக் கூட்டிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கூட்டலாம். அங்கேதான் இரண்டாவது தடை. எக்ஸ் கதிர் புரதத்தைப் பார்த்துக்கொண்டே அதை அழிக்கிறது. அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்குகிறது, பிணைப்புகளை முறிக்கிறது, சற்று நேரத்தில் வரிசை குலைகிறது, புள்ளிகள் மங்குகின்றன. 1980-களின் பிற்பகுதியில் ஹோக்கன் ஹோப், அடா யோனத் போன்றவர்கள் படிகத்தைத் திரவ நைட்ரஜனின் குளிரில் உறைய வைத்துப் படமெடுக்கும் முறையைப் பரப்பினார்கள். நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2000-ஆம் ஆண்டில், உயிரணுவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் சிறு பகுதியை மூன்று ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் காட்டியது இந்தக் குளிர்முறையும் சிங்க்ரோட்ரான் என்ற முடுக்கி தரும் வலிய எக்ஸ் கதிரும் இருந்ததால்தான். ஆனாலும் குளிர் என்பது தவணை வாங்குவதுதான், தப்பிப்பது அல்ல. உறைந்த புரதப் படிகம் ஏறத்தாழ மூன்று கோடி கிரே கதிர்வீச்சு வரை தாங்கும் என்று 2006-இல் அளந்து சொன்னார்கள். மனித உடலுக்கு நான்கைந்து கிரே போதும், உயிர் போக. அந்த மூன்று கோடியும் பொடிப் படிகத்துக்குப் போதவில்லை: முழுத் தரவும் கிடைக்கும் முன்பே அது செத்துவிடும்.

ஒரு படிகம் செத்தால் என்ன, அடுத்ததை எடு என்பதுதான் இந்தத் துறை கண்ட வழி. சொல்லும்போது எளிது. ஒரு படிகத்திலிருந்து கொஞ்சம், இன்னொன்றிலிருந்து கொஞ்சம் என்று சேர்க்கும் பழக்கம் முன்பே உண்டு. உறைய வைக்கத் தெரியாத காலத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் ஐந்து பத்துப் படிகங்களைச் சேர்ப்பது வேறு. ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் சேர்ப்பது வேறு.

முதல் கதவு பிரான்சின் கிரெனோபிளில் திறந்தது. அங்குள்ள சிங்க்ரோட்ரானில் கதிரைச் சில மைக்ரான் அகலத்துக்குக் குவித்தார்கள். 1997-இல் பாக்டீரியோரோடாப்சின் என்ற சவ்வுப் புரதத்தின் அமைப்பு அப்படி வந்தது. உப்பளத்தில் வாழும் நுண்ணுயிரின் புரதம் அது. தூத்துக்குடிப் பக்கம் உப்புப் பாத்திகள் செந்நிறமாவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வகை உயிர்கள் அன்னியமல்ல. படிகங்கள் சில பத்து மைக்ரான் அகலமுள்ள மெல்லிய தகடுகள். 2007-இல் பட்டுப்புழுவைத் தாக்கும் ஒரு வைரஸ் தன்னைப் பொதிந்துகொள்ளக் கட்டும் சில மைக்ரான் அளவுள்ள படிகங்களிலிருந்தே அந்தப் பொதிவுப் புரதத்தின் உருவம் கிடைத்தது.

இரண்டாவது கதவு கலிஃபோர்னியாவில். 2000-ஆம் ஆண்டில் சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த ஒரு குழு கணினியில் ஒன்றைக் கணக்கிட்டுக் காட்டியது. கதிர்வீச்சு மூலக்கூறைச் சிதைக்கக் கொஞ்ச நேரம் தேவைப்படுகிறது. அந்த நேரத்தைவிடக் குறுகிய ஒரு துடிப்பில் போதிய கதிரை அனுப்பிவிட்டால், சிதைவு தொடங்குமுன் படம் பதிந்துவிடும். 2009-இல் ஸ்டான்ஃபோர்டில், எக்ஸ் கதிரைக் குறுந்துடிப்புகளாகத் தரும் கட்டற்ற எலக்ட்ரான் லேசர் ஓடத் தொடங்கியதும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். துடிப்பின் நீளம் சில பத்து ஃபெம்டோ நொடிகள். ஃபெம்டோ நொடி என்றால் ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, வந்ததை மீண்டும் ஒரு கோடியால் வகுத்து, அதில் பத்தில் ஒரு பங்கு. படிகங்கள் மிதக்கும் திரவத்தை மெல்லிய தாரையாகப் பாய்ச்சினார்கள். கதிரின் வழியில் படிகம் குறுக்கிட்டால் ஒரு படம். குறுக்கிடாவிட்டால் வெறும் திரவம். குறுக்கிட்ட படிகம் அடுத்த கணம் வெடித்துப் போயிருக்கும். 2011 பிப்ரவரியில் ஹென்றி சாப்மன், பெட்ரா ஃப்ரோம் உள்ளிட்ட பெருங்குழு வெளியிட்ட கட்டுரையில் பதிவான படங்கள் முப்பது லட்சத்துக்கு மேல். படிகங்களின் அளவு 200 நானோமீட்டர் முதல் இரண்டு மைக்ரான் வரை. புரதம், ஒளிச்சேர்க்கையின் ஒளியமைப்பு-1. நம் பிசான நெல்வயலின் ஒவ்வொரு தாளிலும் காலை முதல் மாலை வரை வேலை செய்யும் அதே குடும்பப் புரதம்.

அந்த முதல் படத்தின் நுணுக்கம் எட்டரை ஆங்ஸ்ட்ராம்தான். அணுக்கள் தெரியாது, சுருள்கள் குச்சிகளாகத் தெரியும், அவ்வளவே. சிலர் கேலிகூடச் செய்தார்கள். மறு ஆண்டே லைசோசைம் என்ற புரதத்தை 1.9 ஆங்ஸ்ட்ராமில் காட்டினார்கள், கேலி நின்றது.

இனிதான் நான் நிதானமாகப் பேச விரும்பும் பகுதி. படங்கள் வந்துவிட்டன; அவற்றை எப்படி ஒன்றாக்குவது? தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு நல்ல வழி உண்டு. 1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அதற்கான ஏடுகளைத் தேடி நம் தாமிரபரணிக் கரை ஊர்களில் அலைந்தார். ஆழ்வார்திருநகரியில் கவிராயர் வீட்டு ஏடு கைக்கு வந்த கதையைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவருக்குக் கிடைத்த ஏடுகள் எதுவும் முழுமையில்லை. ஒன்றில் தலைப்பு இல்லை, ஒன்றில் நடு இல்லை, ஒன்றில் பூச்சி அரித்த இடமே மிகுதி. எங்கள் படமும் அப்படித்தான். ஒரு படிகம் தருவது ஒரே ஒரு நொடிப்பொழுதின் குறுக்குவெட்டு. அதில் சில நூறு புள்ளிகள்; அந்தப் புள்ளிகளும் முழுமையாகப் பதிந்தவை அல்ல, ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு பங்குதான் விழுந்திருக்கும், எவ்வளவு பங்கு என்பதும் உடனே தெரியாது.

பதிப்பாசிரியர் முதலில் இந்த ஓலை எந்த இடத்தைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். நாமும் அதைத்தான் செய்கிறோம்: தாரையில் உருண்டுவந்த படிகம் கதிரைச் சந்தித்தபோது எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதைப் புள்ளிகளின் அடுக்கை வைத்துக் கணினி கண்டுபிடிக்கிறது. சில படிக வகைகளில் இங்கே ஒரு வில்லங்கம் உண்டு. இரண்டு நிலைகள் அடுக்கில் ஒன்றுபோலவே தெரியும், வலிமையில் மட்டும் மாறும். தவறான நிலையை எடுத்துக்கொண்டால் இரு வேறு தரவுகள் கலந்துவிடும். 2011-இன் ஒளியமைப்புப் படிகங்களே அந்த வகைதான். பல படங்களின் வலிமைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இந்த இரட்டைப் பொருளைப் பிரிக்கும் வழி சில ஆண்டுகள் கழித்தே வந்தது.

அடுத்து, அளவு. ஒரு படிகம் பெரிது, ஒன்று சிறிது. ஒரு துடிப்பு வலிது, அடுத்தது மெலிது. எல்லாவற்றையும் பொது அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, ஒரே புள்ளியின் பல நூறு பதிவுகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறோம். நூறு பதிவுகளின் சராசரியில் பிழை பத்தில் ஒன்றாகும். பத்தாயிரத்தில் நூறில் ஒன்றாகும். பங்கு தெரியாத குறையையும் அந்தப் பெருந்தொகையே ஈடுகட்டுகிறது.

இங்கேதான் ஏட்டுப் பதிப்பும் படிகவியலும் பிரிகின்றன. பதிப்பாசிரியர் சராசரி எடுப்பதில்லை. இரண்டு பாடங்கள் எதிரெதிரே நின்றால் ஒன்றைத் தேர்ந்து மற்றதை அடிக்குறிப்பில் தருவார். நாங்கள் இரண்டையும் கூட்டி வகுத்துவிடுகிறோம். எல்லாப் படிகங்களும் ஒன்றுபோல இருந்தால் அது நல்லது. இல்லாவிட்டால், எந்தப் படிகத்திலும் இல்லாத ஓர் உருவத்தை நாமே உருவாக்கிவிடுவோம். ஒரு படிகத்தில் அலகின் பக்கம் ஒரு விழுக்காடு சுருங்கியிருக்கலாம். மூலக்கூறின் ஒரு கை வேறு பக்கம் மடங்கியிருக்கலாம். ஆகவே சேர்ப்பதற்கு முன் வகைப்படுத்த வேண்டும்: எது எதோடு ஒத்துப்போகிறது, எது தனியாக நிற்கிறது என்று. தரவைத் தற்செயலாக இரண்டு பாதியாகப் பிரித்து, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் அளவுகோலை கார்ப்பிளஸும் டீடரிக்ஸும் 2012-இல் முன்வைத்தார்கள். இன்று எல்லோரும் அதையே பார்க்கிறார்கள். ஆனால் எத்தனை சேர்த்தோம் என்பதைக் கட்டுரையின் முகப்பில் பெருமையாகப் போடும் நாம், எவற்றை எந்தக் காரணத்துக்காக விட்டோம் என்பதையும் அதே எழுத்தளவில் போட வேண்டும் என்பது என் கருத்து.

கலந்தது தெரியாமல் போனால் கெடுதல். தெரிந்து பிரித்தால் அதுவே லாபம். ஒரு படிகம் ஒரு கணத்தைத்தான் காட்டுகிறது என்பதால், லேசர் ஒளியால் புரதத்தைத் தட்டியெழுப்பி, வெவ்வேறு இடைவெளி விட்டுப் படமெடுத்து, அது இயங்குவதை வரிசையாகக் காண முடிகிறது. இலைக்குள் நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளிவிடும் ஒளியமைப்பு-2 இப்படி ஆராயப்படுகிறது. பெர்க்லியில் ஜுன்கோ யானோவோடு அந்த வேலையை நடத்தியவர்களில் விட்டல் யாசந்திரா ஒருவர். உறைய வைத்த பெரிய படிகத்தில் இந்த ஓட்டத்தைக் காண வழியில்லை.

வலிமை கிடைத்தாலும் உருவம் கிடைத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் வலிமையோடு கட்டம் என்று ஒன்று உண்டு. அலையின் முகடு எந்த இடத்தில் வருகிறது என்பது. கருவி வலிமையை மட்டும் பதிகிறது, கட்டம் தொலைந்துவிடுகிறது. அதை மீட்க ஒரு வழி: சில அணுக்கள் சில அலைநீளங்களில் வழக்கம் மாறிச் சிதறடிக்கும், அதனால் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டிய இரண்டு புள்ளிகளுக்குள் ஒரு சிறு வேறுபாடு தோன்றும். அந்த வேறுபாட்டிலிருந்து கட்டத்தைக் கணக்கிட முடியும் என்று 1956-இல் சென்னையிலிருந்து எழுதியவர்கள் ராமச்சந்திரனும் எஸ். ராமனும். எஸ். ராமசேஷனும் அதே வழியில் உழைத்தார். புரதத்தில் இயல்பாகவே இருக்கும் கந்தக அணுக்கள் இந்த வேறுபாட்டைத் தரும். ஆனால் அது மிகச் சிறியது, இரைச்சலில் மூழ்கிவிடும். 2012-இல் கன் லியுவும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வேய்ன் ஹென்ட்ரிக்சனும் பல படிகங்களின் தரவைச் சேர்த்து அந்தச் சின்ன வேறுபாட்டை மேலே கொண்டுவந்து காட்டினார்கள். கட்டத்துக்காக வழக்கம்போலக் கன உலோகத்தை ஊறவைக்க வேண்டாம், செலினியத்தை நுழைக்க வேண்டாம். புரதம் உள்ளபடியே போதும். சென்னையில் அந்த வழியைக் காகிதத்தில் எழுதி அப்போது 56 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பொடிப் படிகம் ஆய்வகத்தில் மட்டும் உண்டாவதில்லை. உயிரணுவுக்குள்ளேயே சில புரதங்கள் படிகமாகின்றன. ஆப்பிரிக்க உறக்கநோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் கத்தெப்சின் என்ற நொதியைப் பூச்சி உயிரணுக்களில் உற்பத்தி செய்தபோது, அது அங்கேயே ஊசி ஊசியாகப் படிகமாயிற்று. அகலம் ஒரு மைக்ரான். அவற்றை எடுத்து ஸ்டான்ஃபோர்டு லேசரில் செலுத்திக் கிடைத்த 2.1 ஆங்ஸ்ட்ராம் அமைப்பு 2013-இல் சயன்ஸ் இதழில் வெளியாயிற்று; நொதியை அதன் சொந்தத் துணுக்கே பூட்டி வைத்திருப்பது அதில் தெரிந்தது. மருந்து தேடுகிறவர்களுக்கு அந்தப் பூட்டின் வடிவம் பயன்படும்.

நம் நாட்டு உதாரணம் பெங்களூரிலிருந்து. குட்டி போடும் ஒரு கரப்பான் இனம் உண்டு. தாயின் வயிற்றிலேயே குஞ்சுகளுக்குப் பால் போன்ற ஒரு நீரை ஊட்டும். குஞ்சின் குடலுக்குள் அந்தப் பால்புரதம் படிகமாகச் சேமிக்கப்படுகிறது. இன்ஸ்டெம் நிறுவனத்தில் எஸ். ராமசுவாமியின் குழு, சஞ்சாரி பானர்ஜியை முதல் ஆசிரியராகக் கொண்டு, 2016-இல் அதன் அமைப்பை 1.2 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளியிட்டது. ஒரே படிகத்துக்குள் ஒன்றுக்கொன்று சற்று மாறுபட்ட புரத வகைகள், ஒட்டிய சர்க்கரைகள், உள்ளே பொதிந்த கொழுப்பு அமிலங்கள்! தூய்மையான ஒரே புரதம் இருந்தால்தான் படிகமாகும் என்று நாங்கள் வகுப்பில் சொல்லிவந்ததை அந்தக் கரப்பான் மதிக்கவில்லை. செய்தித்தாள்களோ, அதே எடையுள்ள பசும்பாலைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஆற்றல் என்ற ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கே கரப்பான் பால் கடைக்கு வந்துவிடும் என்று எழுதின. எழுதியவர்கள் யாரும் ஒரு டம்ளருக்கு எத்தனை கரப்பான் வேண்டும் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

இனி, கண்ட உருவம் சரியா என்று எப்படித் தெரியும்? மீண்டும் சென்னைக்கு வர வேண்டியிருக்கிறது. ராமச்சந்திரனின் முப்புரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று கிரிக்கும் ரிச்சும் குறை சொன்னார்கள். அவர் வாதாடி நேரத்தைக் கழிக்கவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்க முடியும் என்பதை அதுவரை தெரிந்த படிக அமைப்புகளிலிருந்து திரட்டினார். அதிலிருந்து, புரதத்தின் முதுகெலும்பு எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்க முடியாது என்ற வரைபடம் பிறந்தது. 1963-இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரோடு வெளியிட்டார். வரைபடத்தில் முக்கால் பங்குக்கும் மேல் தடை செய்யப்பட்ட பகுதி. உலகப் புரதத் தரவு வங்கி 1971-இல் ஏழு அமைப்புகளோடு தொடங்கியது. இன்று இரண்டு லட்சத்துக்கு மேல். ஒரு பெரிய படிகத்திலிருந்து வந்தாலும், லட்சம் பொடிப் படிகங்களிலிருந்து வந்தாலும், அந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்காமல் எதையும் ஏற்பதில்லை.

பொடிப் படிகங்களுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். காரணம், கட்டத்தை மீட்க இப்போது பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொள்வது ஏற்கெனவே உள்ள ஒரு மாதிரியை. 2024-இல் தன்னை உருவாக்கியவர்களுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரல் வந்த பிறகு மாதிரிக்குப் பஞ்சமில்லை. புரதத்தின் அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் உருவம் வருகிறது. மெலிந்த தரவோடு அழுத்தமான மாதிரியைச் சேர்த்தால், தரவு பேசாமல் மாதிரியே திரும்பப் பேசும் அபாயம் உண்டு. அப்படியானால் கணினியே போதுமே, படிகம் எதற்கு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். மருந்து மூலக்கூறு எந்த மூலையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, ஒளி பட்ட பிறகு எது நகர்ந்தது, குளிரில் அல்லாமல் அறை வெப்பத்தில் புரதம் எப்படி நிற்கிறது என்பதையெல்லாம் இன்னும் அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கடைசியாக, இதெல்லாம் திருநெல்வேலிக்கு என்ன என்ற கேள்வி. எக்ஸ் கதிர் தரும் கட்டற்ற எலக்ட்ரான் லேசர் இந்தியாவில் இல்லை. அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, தென்கொரியா போன்ற சில நாடுகளில்தான் அது உண்டு. சிங்க்ரோட்ரான் இந்தூரில் இண்டஸ்-2 இருக்கிறது, புரதப் படிகங்களுக்கான தனிக் கதிர்வழியோடு. இத்தாலியின் ட்ரியெஸ்தேயில் உள்ள எலெட்ராவிலும் இந்தியப் பங்களிப்பில் கதிர்வழி உண்டு. கருவி தூரத்தில் இருப்பது உண்மை. ஆனால் இந்த முறையில் வேலையின் பெரும்பகுதி கருவிக்கு அருகில் நடப்பதில்லை. புரதத்தைச் சுத்தம் செய்வதும் படிகமாக்குவதும் முன்பகுதி, கணக்கு பின்பகுதி. இரண்டும் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். கோழிமுட்டை வெள்ளைக்கருவின் லைசோசைம், அசிட்டேட் பஃபர், சாதாரண உப்பு, ஒரு நுண்ணோக்கி இருந்தால் இளங்கலை ஆய்வகத்திலேயே படிகம் வளர்க்கலாம். உப்பைக் கூட்டினால் பெரிய படிகங்களுக்குப் பதில் ஏராளமான பொடிப் படிகங்கள் வரும். மாணவர் அதைப் பார்த்து முகம் வாடினால், அதைக் கொட்டச் சொல்லாதீர்கள். அளக்கச் சொல்லுங்கள், எண்ணச் சொல்லுங்கள், எல்லாம் ஒரே அளவில் வர என்ன செய்யலாம் என்று கேளுங்கள். லேசர் நிலையங்களில் இன்று தேடப்படும் திறமை அதுதான்.

மாணவர்களுக்கு இன்னொன்று. இந்த லேசர் நிலையங்களில் பதிவான மூலப் படங்களில் பல, யாரும் இறக்கிக்கொள்ளும்படி பொதுத் தரவகத்தில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும் கிரிஸ்ட்எஃப்இஎல் என்ற மென்பொருளும் இலவசம். தேவை, ஓரளவு நல்ல கணினியும் பெரிய வட்டும். அபிஷேகப்பட்டியிலோ பாளையங்கோட்டையிலோ எம்.எஸ்சி. திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் ஒரு லைசோசைம் தொகுதியை இறக்கிப் பாருங்கள். முழுத் தரவோடு அமைப்பைக் காணுங்கள். பிறகு பாதிப் படங்களோடு, கால் பங்கோடு, பத்தில் ஒரு பங்கோடு அதையே செய்யுங்கள். எந்த இடத்தில் உருவம் குலைகிறது, ஏன் அங்கே குலைகிறது என்று எழுதுங்கள். எழுதியதை உங்கள் துறை வழியாக எனக்கும் அனுப்பி வையுங்கள். படித்துப் பதில் எழுதுகிறேன்.